மகனைப் பெற்றவர்களுக்கு, ஒரு லேப்பிலிருந்து

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியும் மருமகளுக்கு நாள் தள்ளிப் போகவில்லையே என்ற கவலையில் இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் 22 வருடமாக லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, தைராய்டு என்று எங்களைப் போன்றவர்களிடம் நீங்களும் பலமுறை கையை நீட்டி ரத்தம் கொடுத்திருப்பீர்கள். அதே மேசையில்தான் விந்துப் பரிசோதனையும் நடக்கிறது. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை தாமதமானால், மருமகளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கு முன்னால் மகனை ஒருமுறை இந்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மாமியாரும் மருமகளும்தான். மருமகள் கையில் தடித்த ஃபைல் இருக்கும். அதில் தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, முட்டை வளர்ச்சி பார்த்த ஸ்கேன்கள், சில சமயம் டியூப் டெஸ்ட் எடுத்த எக்ஸ்ரே படம் கூட இருக்கும். அந்த டியூப் டெஸ்ட் என்றால் என்னவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. கருப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி, அது இரண்டு குழாய்களிலும் ஓடி வெளியே வருகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். பல பெண்களுக்கு நன்றாகவே வலிக்கும். இத்தனையும் முடிந்த பிறகு, கடைசித் தாளில் டாக்டர் கணவனுக்கு விந்துப் பரிசோதனை எழுதியிருப்பார். அதை நான் வாசித்துச் சொன்னதும் மாமியார் முகம் மாறிவிடும். "அவனுக்கு எதுக்கும்மா? அவன் நல்லாத்தானே இருக்கான்" என்பார்.

நல்லாத்தானே இருக்கான் என்ற இந்த வார்த்தையில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அதை அவிழ்க்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆண்களின் விதைகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் விடுவது. மீசை முளைப்பது, குரல் உடைவது, தசை இறுகுவது, ஆசை வருவது எல்லாம் இந்த ஹார்மோனால். இன்னொன்று, விந்தணுவை உண்டாக்குவது. நம் பக்கம் உயிரணு என்பார்களே, அதுதான். இந்த இரண்டு வேலைகளையும் செய்வது வேறு வேறு செல்கள். விதைக்குள் நூல் போல் மெல்லிய குழாய்கள் சுருண்டு நிறைந்து கிடக்கின்றன. விந்தணு அந்தக் குழாய்களின் உட்சுவரில் உருவாகிறது. ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் குழாய்களுக்கு வெளியே, அவற்றின் இடைவெளியில் இருக்கின்றன. முதல் வேலை குறையில்லாமல் நடக்கும்போதே இரண்டாவது வேலை நின்று போயிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு மீசை இருக்கும், உடம்பில் பலம் இருக்கும், தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இருக்காது. அவருக்கே தெரியாது.

விந்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. வெளியே வரும் திரவத்தில் விந்தணுவின் பங்கு 100-க்கு 5 பாகம்கூட இல்லை. பெரும்பகுதி, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சுரப்பிகளிலிருந்து வருகிறது. விந்தணுவுக்கு உணவாகும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையும் அங்கிருந்துதான். மீதியில் பெரும்பங்கு புரோஸ்டேட் சுரப்பி கொடுப்பது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய விந்தில் விந்தணு ஒன்றுகூட இருக்காது. ஆனால் அளவும் நிறமும் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும். மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்காமல் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

ஆகவே நாங்கள் செய்யும் பரிசோதனையில் உங்கள் மகனுடைய ஆண்மைக்கு எந்தச் சோதனையும் இல்லை. ஒரு துளித் திரவத்தில் எத்தனை விந்தணு இருக்கிறது, அதில் எத்தனை நீந்துகிறது என்று எண்ணுகிறோம், அவ்வளவுதான். சுவர் விளம்பரங்களில் "ஆண்மைக் குறைவு, குழந்தையின்மை" என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதி எழுதி, நம் மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்தக் குழப்பத்தால் எத்தனையோ பேர் எங்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. ஆணுடைய உறுப்புக்கு விதை என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படியானால் பெண்? நிலம். விதை போட்டாயிற்று, முளைக்கவில்லை, நிலம் சரியில்லை என்று பேச்சு தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. நம் ஊரில் மட்டும் இப்படி நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 1677-ல் ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி, தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக முதன்முதலில் விந்தணுக்களை உற்றுப் பார்த்து எழுதிவைத்தார். அதற்கப்புறம், அந்த விந்தணுவின் தலைக்குள்ளேயே ஒரு குட்டி மனிதன் மடங்கி உட்கார்ந்திருக்கிறான், கருப்பை அவன் வளர்வதற்கான இடம் மட்டும்தான் என்று படித்த மேதைகளே வாதம் செய்தார்கள். ஹார்ட்சோக்கர் என்பவர் 1694-ல் அப்படிப் படமே வரைந்து வைத்தார். பாலூட்டியின் கருமுட்டையை வான் பேயர் என்பவர் ஒரு பெண் நாயிடம் கண்டுபிடித்தது 1827-ல்தான். 150 வருடமாக ஆண் பக்கத்துச் செல் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது, பெண் பக்கத்தது தெரியவில்லை. 1876-ல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டைக்குள் இரண்டு செல்களின் உட்கருக்களும் ஒன்றாகச் சேர்வதைப் பார்த்த பிறகுதான் பாதி இங்கிருந்து, பாதி அங்கிருந்து என்பது விளங்கியது.

உங்களில் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதை வேறு மாதிரி சொல்லலாம். பூசணிக் கொடியைப் பார்த்திருப்பீர்கள். ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு உருண்டையாக இருக்கும். ஆண் பூவின் மகரந்தம் வந்து சேராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, வெம்பி உதிர்ந்துவிடும். அந்த மகரந்தம்தான் விந்தணுவுக்குச் சமம். விதை என்பது அதற்கப்புறம், இரண்டும் சேர்ந்து கருவானபின் வருகிற பொருள். பிஞ்சு வெம்பினால் மண்ணைத் திட்டாமல், ஆண் பூ பூத்திருக்கிறதா, வண்டு வந்ததா என்று பார்க்கிறோம். அந்த நியாயம் போதும் எனக்கு.

அந்தப் பாதியை உண்டாக்க ஆண் உடம்பு எவ்வளவு மெனக்கெடுகிறது தெரியுமா! ஒரு விந்தணு ஆரம்பச் செல்லிலிருந்து வால் முளைத்து முழுதாக உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அதன்பிறகு விதையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்ச் சுருளுக்குள் போய், சுமார் இரண்டு வாரம் ஊர்ந்துதான் நீந்தக் கற்றுக்கொள்கிறது. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் கிட்டத்தட்ட 20 அடி வரும். ஆக, இன்றைக்கு என் மேசைக்கு வரும் சாம்பிள் மூன்று மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்த வேலையின் பலன். போன மாதம் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை குறைந்து காட்டும். ஒருவர் குடியை இன்றைக்கு நிறுத்தினால் அதன் பலனைப் பார்க்கவும் அதே மூன்று மாதம் ஆகும். அதனால்தான் ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தாலும் டாக்டர் சில வாரம் விட்டு இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறார். காசுக்காகச் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இந்த வேலைக்குக் குளிர்ச்சி வேண்டும். உடம்புச் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். அதற்காகத்தான் விதைகள் வயிற்றுக்குள் இல்லாமல் வெளியே ஒரு பையில் தொங்குகின்றன. அந்தப் பையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் ரத்தக் குழாய்கள் சிலருக்குப் புடைத்துப் பின்னிக்கொள்ளும். காலில் வெரிகோஸ் வருவது போலத்தான், இதற்கு வெரிகோசில் என்று பெயர். 100 ஆண்களில் 15 பேருக்கு இது உண்டு. குழந்தையில்லை என்று பரிசோதனைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்படுகிறது. டாக்டர் கையால் தொட்டே கண்டுபிடித்துவிடுவார், தேவைப்பட்டால் ஆபரேஷனில் சரி செய்யலாம். பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. சின்ன வயதில் விதை பைக்குள் இறங்காமல் இருந்தது, வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியது என்று உங்களுக்கு நினைவிருந்தால், அம்மாக்களே, அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மகனுக்கு நினைவிருக்காது. உங்களுக்குத்தான் தெரியும்.

ஜிம்முக்குப் போகும் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பு ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து குவிந்தால், மூளை அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, இங்கே வேண்டிய அளவு இருக்கிறதே என்று விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திக்கொள்கிறது. தோள் அகலமாகிக்கொண்டே போகும், விந்தணு குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்துக்குப் போன ரிப்போர்ட்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

சரி, பெண் பக்கம்.

இங்கே கணக்கே வேறு. ஒரு பெண்ணுக்கு வேண்டிய முட்டைகள் எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை இருக்கும், வயதுக்கு வரும்போது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளியே வருபவை 400, 500தான். அம்மா, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் மகன் எந்த முட்டையிலிருந்து உருவானானோ அந்த முட்டை, நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபோதே உங்களுக்குள் வந்துவிட்டது. அவன் வம்சம் என்று நாம் சொல்வதில் பாதி, உங்கள் அம்மா சாப்பிட்ட சோற்றில் தொடங்கியிருக்கிறது. உங்கள் பேரக்குழந்தையின் பாதியும் அதே மாதிரி, உங்கள் சம்பந்தியம்மாளின் வயிற்றில் இந்த மருமகள் இருந்தபோது தொடங்கியதுதான்.

மாதவிலக்கு ஆரம்பித்ததும் சினைப்பையில் சில முட்டைகள் வளர ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வளரும். அது இருக்கும் நீர்ப்பை 2 சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் வெடித்து முட்டை வெளியே வரும். ஸ்கேன் சென்டரில் "முட்டை வெடிச்சிருச்சா" என்று கேட்பது இதைத்தான். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் இது நடக்கிறது. கருக்குழாயின் நுனி விரல்கள் போல விரிந்திருக்கும், அது முட்டையை வாரி உள்ளே எடுத்துக்கொள்ளும். மனித உடம்பிலேயே பெரிய செல் இந்த முட்டைதான், ஒரு மில்லிமீட்டரில் 10-ல் ஒரு பங்கு. அது உயிரோடு இருப்பது அதிகபட்சம் ஒரே ஒரு நாள். அதற்குள் விந்தணு வந்து சேர வேண்டும்.

விந்தணு நீந்த வேண்டிய தூரம் ஒரு சாணுக்குள்தான். ஆனால் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்கு. கோடிக்கணக்கில் கிளம்பி, குழாய் வரை போய்ச் சேர்வது சில நூறு மட்டும். கருப்பை வாயில் மற்ற நாட்களில் கெட்டியாக இருக்கும் சளி, முட்டை வரும் நாட்களில் மட்டும் முட்டை வெள்ளைக்கரு போல இளகி வழி விடுகிறது. விந்தணு நான்கைந்து நாள் வரை உள்ளே காத்திருக்க முடியும். ஆகக் கரு தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் மாதத்தில் ஆறு நாள் வரைதான். முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாள், வரும் நாள் ஒன்று.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் ஊருக்கு வருவார்கள். அந்த இரண்டு நாள் அந்த ஆறு நாளுக்குள் விழாவிட்டால் அந்த மாதம் போயிற்று. துபாயிலிருந்து வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருகிறவனுக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. "கல்யாணமாகி மூணு வருஷம்" என்று நீங்கள் சொல்லும்போது அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது மூன்று மாதமாகக்கூட இருக்கலாம். சித்திரையில் பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்று ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிறவர்கள் நாம். பத்து மாதக் கணக்கை அவ்வளவு சரியாகப் போடத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கும் வரும்.

எல்லாம் சரியாக இருக்கும் இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தால் 100-ல் 85 ஜோடிக்குத் தங்கிவிடும். அதனால்தான் ஒரு வருடம் பார்த்த பிறகு பரிசோதனை என்கிறார்கள். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம். கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் பெண்ணிடம் இல்லை.

பெண் பக்கத்தில் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. நீர்க்கட்டி, தைராய்டு, குழாய் அடைப்பு, கருப்பைக்கு வெளியே அதன் உள்சவ்வு வளர்வது என்று நிறைய உண்டு. நம் நாட்டில் காசநோய் சத்தமில்லாமல் கருக்குழாயைக் கெடுத்துவிடுவதும் உண்டு. அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் குழந்தை தாமதமாகும் ஜோடிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கத்தில் தனியாகவோ பெண் பக்கத்தோடு சேர்ந்தோ ஒரு காரணம் இருக்கிறது. பாதிக்குப் பாதி என்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பார்க்க ஆரம்பிப்பதுதானே முறை. அதில் எந்தப் பக்கத்துப் பரிசோதனை எளிது என்றும் யோசியுங்கள். ஊசி இல்லை, வெறும் வயிறு வேண்டாம், வலி இல்லை, சில நூறு ரூபாய், மத்தியானத்துக்குள் ரிப்போர்ட்.

என் பெரியத்தை போன வருடம் இறந்துபோனார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, சேலைகளுக்கு அடியில் ஒரு துணிப்பையில் பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தன. மூன்று ஊர்களில் பார்த்த வைத்தியம். கருப்பையைச் சுரண்டி எடுத்த சோதனை இரண்டு முறை, ஹார்மோன் சோதனைகள், மடித்து மடித்துக் கிழிந்த எக்ஸ்ரே. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன், என் தொழிலே அதுதானே. எல்லாத் தாளிலும் அத்தையின் பெயர். "நார்மல்", "நார்மல்" என்றுதான் ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. மாமாவின் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. கோயில் தரையில் மண்சோறு சாப்பிட்டதும், மரத்தில் தொட்டில் கட்டியதும், வளைகாப்பு வீடுகளில் பின்வரிசையில் நின்றதும் அத்தைதான். வாய்விட்டு "மலடி" என்று அவரைச் சொன்னவர்களில் என் பாட்டியும் ஒருத்தி. மலடன் என்றும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. என் வாழ்நாளில் அதை யாரும் யாரையும் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. இரண்டு சொல்லும் வேண்டாம்.

ஏனென்றால் மறுபக்கமும் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான், முப்பது வயதிருக்கும். சாம்பிளைப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் கோடு போட்ட கட்டங்களுக்குள் ஒன்றுகூடத் தென்படவில்லை. அப்படி வந்தால் நாங்கள் அதோடு விடுவதில்லை. சாம்பிளை வேகமாகச் சுழற்றி, அடியில் தங்குவதை எடுத்து மறுபடி தேடுவோம். அதிலும் இல்லை. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தபோது அவன் அதிர்ச்சியாகவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததும் சொன்னான், ஒரு வருடத்துக்கு முன்பே வேறு ஊரில் வேறு பெயரில் பரிசோதனை செய்து பார்த்துவிட்டானாம். அந்த ஒரு வருடமும் அவன் மனைவி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், விரதம் இருந்தாள், பேச்சு வாங்கினாள். "அவகிட்ட சொல்லிருவேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவன் பயந்தது மனைவிக்கோ டாக்டருக்கோ அல்ல. உங்களுக்குத்தான். அப்பா இனிமேல் என்னை எப்படிப் பார்ப்பார், அம்மா பக்கத்து வீட்டில் என்ன சொல்வாள் என்ற பயம் ஒரு பெண்ணின் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. அதனால்தான் இந்த மடலை மகன்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். "போய்ப் பார்த்துட்டு வாப்பா, என்ன வந்தாலும் பார்த்துக்கலாம்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் வந்துவிடுவார்கள்.

என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ள வழியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்தத்தில் 3 கோடியே 90 லட்சம் விந்தணு என்பது கீழ்எல்லை. முன்னோக்கி நீந்துபவை 100-க்கு 30. சரியான வடிவத்தில் இருப்பவை 100-க்கு 4 இருந்தால் போதும், 96 கோணலாக இருந்தாலும் அது இயல்புதான். இந்த எல்லை எப்படி வந்தது தெரியுமா? ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் மிகக் குறைவாக இருந்த 100-க்கு 5 பேரை ஒதுக்கிவிட்டுப் போட்ட கோடு. ஒதுக்கிய அந்த ஐந்து பேரும் அப்பா ஆனவர்கள்தான். ஆக "கவுண்ட் கம்மி" என்று வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. தாமதமாகலாம், உதவி தேவைப்படலாம்.

ஒன்றுமே இல்லை என்று வந்தாலும் இரண்டு விதம் உண்டு. உள்ளே உற்பத்தி நடக்கிறது, வரும் குழாயில் அடைப்பு என்பது ஒன்று. உற்பத்தியே இல்லை அல்லது மிகக் குறைவு என்பது இன்னொன்று. ஹார்மோன் சோதனை, விதையின் அளவு, விந்தில் ஃபிரக்டோஸ் இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து எது என்று டாக்டர் பிரித்துவிடுவார். அடைப்பு என்றால் விதையிலிருந்தே விந்தணுவை எடுக்கலாம். 1992-ல் பெல்ஜியத்தில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறக்கச் செய்ததை வெளியிட்டார்கள். இன்று நம் மாவட்டத் தலைநகரங்களில்கூட அதைச் செய்கிறார்கள். செலவு அதிகம்தான், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. ஆனால் நாள் கடந்தால் மருமகளின் முட்டைகளுக்கு வயதாகிறது. மகனைச் சோதிக்காமல் கழிக்கும் ஒவ்வொரு வருடமும் அவள் கணக்கில்தான் கழிகிறது.

ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழந்தை பிறந்த பிறகும் இதே பேச்சு தொடர்கிறது. முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். இரண்டாவதும் பெண்ணா என்று மருமகளைக் கேட்க அவளிடம் எந்த விடையும் இல்லை. மகனிடமும் இல்லை, அவனால் தேர்ந்தெடுத்து அனுப்ப முடியாது.

இப்போது சாம்பிள் விஷயம். இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பலர் தப்பாகக் கொண்டுவருகிறார்கள், மறுபடி எடுக்க வேண்டியதாகிவிடுகிறது. கடைசியாக விந்து வெளியேறி இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் இருக்கும்போது வரச் சொல்லுங்கள். டப்பா நாங்களே தருவோம், வீட்டு மருந்துப் பாட்டில் வேண்டாம். ஆணுறையில் எடுக்கக் கூடாது, அதில் தடவியிருப்பது விந்தணுவைக் கொல்லக் கூடும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் எங்களிடம் சொல்லட்டும். லேப்பிலேயே தனி அறை இருந்தால் அங்கேயே கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்துதான் கொண்டுவர முடியும் என்றால் அரை மணிக்குள், போனால் போகிறது, ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது, வண்டிப் பெட்டியில் வெயிலில் வைக்கக் கூடாது. சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவரட்டும். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

உண்மைப் பெயரையே கொடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை அவன் கையில் மட்டும்தான் கொடுப்போம். எங்கள் லேப் காலை 7 மணிக்குத் திறக்கும், அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. கூட யாராவது வர வேண்டும் என்றால் அப்பா வரட்டும். மருமகள் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பக்கத்து லேப் டெக்னீஷியன் ஒருத்தி